அச்சும் வார்ப்பும்: உளவியலில் பண்புசார் ஆய்வு வெளியீடு

எழுத்தைத் தாளில் பதிக்கும் கருவியையும், வெல்லப் பாகை ஊற்றி உருவம் கொடுக்கும் மரப்பலகையையும் தமிழ் ஒரே சொல்லால் அச்சு என்று வழங்குகிறது. உளவியலில் பண்புசார் ஆய்வுகள் வெளியாகும் முறையை ஆராயப் புகுவோர்க்கு இந்த இரட்டைப் பொருள் பெரிதும் உதவும். ஏனெனில் ஆய்விதழில் அச்சேறும் கட்டுரை, அச்சேறுவதற்கு முன்பே அவ்விதழ் வைத்திருக்கும் அச்சில் வார்க்கப்பட்டுவிடுகிறது. இவ்வுரையின் பொருள் அந்த வார்ப்பே ஆகும்.

பண்புசார் ஆய்வு என்பது, மனிதர் தம் அனுபவத்தைத் தம் சொல்லால் கூறக் கேட்டு, அச்சொற்களை எண்ணாக மாற்றாமல் சொற்களாகவே வைத்துப் பொருள் காணும் முறையாகும். மனச்சோர்வு உற்ற 300 பேரிடம் வினாநிரலைக் கொடுத்து, அவர்கள் பெற்ற மதிப்பெண்ணுக்கும் தூக்க நேரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டால் அது அளவுசார் ஆய்வு. அந்நோயுடைய பத்துப் பேர், காலையில் கண் விழித்த பின்னும் படுக்கையை விட்டு எழ இயலாத அந்த அரைமணி நேரத்தை எவ்வாறு விவரிக்கின்றனர் என்று கேட்டு ஆராய்ந்தால் அது பண்புசார் ஆய்வு. முன்னதில் முடிவை ஓர் அட்டவணையில் அடக்கிவிடலாம். பின்னதில் முடிவு என்பது எழுத்திலேயே நிகழ்கிறது. எழுத்தைச் சுருக்கினால் முடிவும் சுருங்கிப்போகும்.

இத்துறையின் கட்டுரை வடிவம் இவ்வகை ஆய்வை எண்ணி உருவாக்கப்பட்டது அன்று. உளவியலாளர், மானிடவியலாளர், பதிப்பக மேலாளர் ஆகியோர் சிலர் 1928-இல் கூடி, ஆய்விதழ்களுக்குக் கையெழுத்துப்படி அனுப்புவோர்க்கான விதிகளை வகுத்தனர். அவை அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்க உளவியல் இதழில் ஏழு பக்கக் கட்டுரையாக வெளிவந்தன. அந்த ஏழு பக்கங்களே பின்னர் அமெரிக்க உளவியல் கழகத்தின் வெளியீட்டுக் கையேடாக வளர்ந்து, 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் 400 பக்கங்களைத் தாண்டி நிற்கின்றன. முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்னும் நான்கு உறுப்புகளாகக் கட்டுரையைப் பகுக்கும் வழக்கம் இக்கையேட்டின் வழியே உளவியல் முழுவதற்கும் பொது விதி ஆயிற்று. கருதுகோளை முதலில் நிறுத்தி, அதைச் சோதித்து, கிடைத்ததைச் சொல்லி, அதன் பிறகே பொருள் கூறும் ஆய்வகச் சோதனைக்கு அப்பகுப்பு மிகவும் பொருந்தும். அறிவியல் எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்த சார்லஸ் பேசர்மன், 1980-களில் இக்கையேட்டின் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, புற நடத்தையை மட்டுமே அறிவியலுக்கு உரியதாகக் கொண்ட நடத்தையியல் கொள்கை அதன் விதிகளுக்குள் குடியேறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். நிறுத்தற்குறியும் மேற்கோள் முறையும் பற்றிய நூல் என்று மாணவர் கருதும் ஒன்றினுள் ஓர் உளவியல் கொள்கையே பதுங்கியிருக்கிறது என்பது சற்று வியப்புக்குரியதே.

அந்த அச்சு இறுகுவதற்கு முன்னும் அதற்கு வெளியிலும் உளவியல் வேறு வடிவங்களில் எழுதப்பட்டது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்னும் சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றபோது, மாரி யாகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் நடத்திய ஆய்வு 1933-இல் லைப்சிக் நகரில் நூலாக வெளிவந்தது. வேலையில்லாதவர் தாமே எழுதிய நேரக் குறிப்புகளும், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளும், நூலகத்தில் இரவல் வாங்கப்பட்ட புத்தகங்களின் கணக்கும், சன்னலுக்குப் பின்னே கடிகாரத்துடன் அமர்ந்து தெருவில் செல்வோரின் நடை வேகத்தை அளந்த கணக்கும் அந்நூலில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. அவசரமாகச் செல்ல வேண்டிய இடம் ஏதும் இல்லாத ஆண்கள், வீட்டு வேலை காத்திருக்கும் பெண்களைவிட மெதுவாக நடந்தனர் என்னும் செய்தியை எண்ணும் தருகிறது, எழுத்தும் தருகிறது; எது தரவு, எது விளக்கம் என்று பிரித்துக் கூறு போட முடியாத அளவுக்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் முதற்பதிப்பின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1971-இல்தான் வந்தது. இன்று அதே ஆய்வை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினால், முடிவுப் பகுதியில் விளக்கம் கலந்துள்ளது, பிரித்து எழுதுக என்னும் குறிப்போடு அது திரும்பி வர வாய்ப்புண்டு.

வார்ப்பில் முதலில் வெட்டுப்படுவது நீளம். ஒரு மணி நேர ஆங்கில நேர்காணலைச் சொல் விடாமல் எழுத்தில் பெயர்த்தால், அதாவது படியெடுத்தால், ஏறத்தாழ 8,000 சொற்கள் வரும். பன்னிரண்டு பேரின் நேர்காணல் என்றால் ஒரு லட்சம் சொற்களை நெருங்கும். உளவியல் இதழ்கள் பலவும் ஒரு கட்டுரைக்குத் தரும் இடமோ 6,000 முதல் 8,000 சொற்கள். அதிலும் முன்னாய்வுகளுக்கும் முறைக்கும் விவாதத்துக்கும் ஒதுக்கியது போக, பேசியவர்களின் வாய்மொழிக்கு ஆயிரம் சொல் கிடைத்தால் பெரிது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் எஞ்சும் அம்மேற்கோள்கள், பெரும்பாலும் ஆய்வாளரின் கருத்துக்கு ஏற்ற கூர்மையான வரிகளாகவே அமைகின்றன. தயங்கித் தயங்கிப் பேசியவர், சொன்னதையே மாற்றிச் சொன்னவர், பாதியில் நிறுத்தி மௌனமானவர் ஆகியோர் கட்டுரையில் காணப்படுவதே இல்லை.

அடுத்து எழுவது எத்தனை பேர் என்னும் வினா. அளவுசார் ஆய்வில் பழகிய மதிப்பீட்டாளர், அதாவது கட்டுரையைப் பெயரறியாமல் படித்துத் தகுதி கூறும் துறை வல்லுநர், பண்புசார் கட்டுரையிலும் முதலில் இதையே கேட்கிறார். இதற்கு விடையாகச் செறிவுநிலை என்னும் கருத்து பயன்படுத்தப்படுகிறது. புதிதாக ஒருவரைப் பேட்டி கண்டாலும் புதிய செய்தி எதுவும் கிடைக்காத கட்டத்தை அச்சொல் குறிக்கும். இக்கருத்தின் வேர், பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967-இல் வெளியிட்ட களத்தரவிலிருந்து கோட்பாட்டைக் கட்டும் முறை பற்றிய நூலில் உள்ளது. அங்கே அது, உருவாகிவரும் கோட்பாட்டின் ஒரு வகைமை நிரம்பிவிட்டதா என்று பார்க்கும் நுட்பமான தீர்ப்பாக இருந்தது. கிரெக் கெஸ்ட்டும் உடன் ஆய்வாளர் இருவரும் 2006-இல், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளில் பெண்கள் 60 பேரிடம் எடுத்த நேர்காணல்களை மீள ஆராய்ந்து, தம் தரவில் முதல் பன்னிரண்டு நேர்காணல்களுக்குள்ளாகவே செறிவுநிலை எட்டப்பட்டதாக எழுதினர். ஒரே தன்மையுள்ள குழுவினரிடம் ஒரே வகைக் கேள்விகளைக் கேட்ட ஓர் ஆய்வின் முடிவு அது. ஆயினும் பன்னிரண்டு என்ற எண் அக்கட்டுரையிலிருந்து கழன்று தனியே ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு பேரிடம் செறிவுநிலை எட்டப்பட்டது என்னும் வாக்கியம், திருமண அழைப்பிதழின் தொடக்க வரியைப் போல் எல்லாக் கட்டுரைகளிலும் மாறாமல் வருகிறது.

மூன்றாவதாக வருவது ஒப்புமைக் கணக்கு. படியெடுத்த பகுதிகளுக்குப் பொருட்பெயர் சூட்டுவதைக் குறியிடல் என்பர். இருவர் தனித்தனியே குறியிட்டு, அவர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றனர் என்பதை ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா என்னும் கெழுவால் கணக்கிட்டுக் காட்டுமாறு இதழ்கள் கேட்பதுண்டு. ஒரே உண்மை தரவில் ஒளிந்திருக்கிறது, இருவரும் அதைக் கண்டெடுக்க வேண்டும் என்று நம்பும் முறைக்கு இக்கோரிக்கை நியாயமானது. படிப்பவரின் பின்புலமும் பயிற்சியும் பொருளைத் தீர்மானிக்கின்றன என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்ட முறைக்கு அது பொருந்தாது. ஒரு கவிதைக்கு உரை எழுதிய இருவரின் ஒப்புமை விழுக்காட்டைக் கேட்பது எவ்வளவு பொருத்தமோ அவ்வளவே இதுவும் பொருத்தம்.

இத்தகைய பொருந்தா அளவுகோல்களிலிருந்து பண்புசார் ஆய்வைக் காக்க வேண்டும் என்னும் எண்ணத்தில்தான் தனி நெறிமுறைகள் எழுந்தன. ராபர்ட் எலியட், கான்ஸ்டன்ஸ் ஃபிஷர், டேவிட் ரென்னி மூவரும் 1999-இல் பிரிட்டனின் மருத்துவ உளவியல் இதழ் ஒன்றில், இருவகை ஆய்வுக்கும் பொதுவான ஏழு நெறிகளையும் பண்புசார் ஆய்வுக்குச் சிறப்பான ஏழு நெறிகளையும் வெளியிட்டனர். ஆய்வாளர் தம் நிலைப்பாட்டை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுதல், பங்கேற்பாளரின் வாழ்க்கைச் சூழலைச் சொல்லுதல், கூறும் ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டால் நிறுவுதல், படிப்பவர் உள்ளத்தில் எதிரொலிக்கும்படி எழுதுதல் முதலியவை பின்னைய ஏழில் அடங்கும். அறிவியல் இதழ் ஒன்றில் வாசகரின் உள்ளத்தை ஓர் அளவுகோலாக வைத்த துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் அடுத்த ஆண்டே அதே இதழில் ஸ்டீஃபன் ரெய்க்கர் கடுமையான மறுப்பை எழுதினார். பண்புசார் ஆய்வு என்பது ஒரே குடும்பம் அன்று என்பதே அவர் வாதத்தின் சாரம். பேச்சை உள்ளத்து அனுபவத்தைக் காட்டும் கண்ணாடியாகக் கொள்வோரும், பேச்சே ஒரு செயல், அதன்மூலம் மனிதர் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுகின்றனர், சாக்குச் சொல்கின்றனர், உறவு கொண்டாடுகின்றனர் என்று கருதும் கருத்தாடல் பகுப்பாய்வினரும் அறிவு பற்றிய அடிப்படையிலேயே வேறுபடுகின்றனர்; இவ்விரு சாராருக்கும் ஒரே நெறிப்பட்டியலைத் தருவது, முறைக்குச் சிலை வைத்து வழிபடுவதில்தான் முடியும் என்று அவர் எச்சரித்தார்.

எச்சரிக்கை செவியில் விழாமல் இல்லை. அமெரிக்க உளவியல் கழகம் 2014-இல் பண்புசார் உளவியலுக்கென்றே ருதெல்லன் ஜோசல்சனை ஆசிரியராகக் கொண்டு ஓர் இதழைத் தொடங்கியது. ஹைடி லெவிட் தலைமையில் அமைந்த குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கையிடல் தரவிதிகள், எந்த மரபைப் பின்பற்றுகிறோம் என்பதை ஆய்வாளரே அறிவித்து அதற்கேற்ப எழுதலாம் என்றும், முடிவையும் விவாதத்தையும் இணைத்தே எழுதலாம் என்றும், இவ்வகைக் கட்டுரைக்குக் கூடுதல் பக்கம் தேவைப்படும் என்றும் ஏற்றுக்கொண்டன. கையேட்டின் ஏழாம் பதிப்பு அவ்விதிகளை உள்ளே சேர்த்தது. 1929-க்குப் பின் தொண்ணூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த இவ்விடத்தின் அருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும், தரவிதி என்பது மதிப்பீட்டாளரின் மேசைக்குப் போய்ச் சேரும்போது சரிபார்ப்புப் பட்டியலாக மாறிவிடுகிறது. மருத்துவத் துறையில் 2007-இல் வந்த 32 வினாக்கள் கொண்ட பட்டியலுக்கும் இதுவே நேர்ந்தது. பேட்டியை எடுத்தவர் யார், எவ்வளவு நேரம், படியெடுப்பைப் பங்கேற்பாளரிடம் திருப்பிக் காட்டினீர்களா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண்ணைக் குறித்து அனுப்பினால், ஆழமற்ற ஆய்வும் தேறிவிடும். காட்டவில்லை என்று காரணத்தோடு எழுதிய நல்ல ஆய்வு தடுமாறும்.

இந்த நிலைக்குச் சிறந்த சான்று, நியூசிலாந்தின் விர்ஜீனியா பிரவுனும் இங்கிலாந்தின் விக்டோரியா கிளார்க்கும் 2006-இல் எழுதிய கருப்பொருள் பகுப்பாய்வு பற்றிய கட்டுரையாகும். தரவில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களை ஆறு கட்டங்களில் இனங்கண்டு எழுதும் வழியை எளிய நடையில் விளக்கிய அக்கட்டுரை, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. கருப்பொருள்கள் தரவிலிருந்து தாமாக வெளிப்படுவதில்லை, ஆய்வாளரே அவற்றை ஆக்குகிறார் என்பதை அக்கட்டுரை அழுத்திச் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டும் கட்டுரைகளோ, பல வேளைகளில் அதே பத்தியில், பின்வரும் ஐந்து கருப்பொருள்கள் தரவிலிருந்து வெளிப்பட்டன என்று எழுதுகின்றன. ஆசிரியர் இருவரும் தம் பெயரால் நடக்கும் பிழைகளைத் திருத்துவதற்கென்றே தனியாகக் கட்டுரைகள் எழுத வேண்டியதாயிற்று. தம் முறையில் ஆய்வாளரின் தன்னுணர்வு மையமானது என்பதைக் காட்ட, பின்னாளில் அதற்கு ஓர் அடைமொழியையும் சேர்த்தனர்.

வெளிப்பட்டன என்னும் அவ்வினைமுற்று இலக்கணப் பிழை அன்று. ஆய்வாளரை மறைக்கும் திரை. அமெரிக்கக் கையேடு, செய்தவர் யார் என்பது தெளிவாக இருக்கத் தன்மை இடத்திலேயே எழுதுமாறு இப்போது கூறுகிறது. தமிழ்க் கல்வியுலகமோ இவ்வாய்வாளர், கட்டுரையாளர், கண்டறியப்பட்டது என்னும் படர்க்கைப் போர்வையை இன்னும் விடவில்லை. இவ்வுரையும் அப்போர்வைக்குள் இருந்துகொண்டே அதைக் குறை கூறுகிறது என்பதைக் கேட்போர் கவனித்திருக்கக்கூடும்.

இதழ்களின் மனநிலை எவ்வளவு மாறியது என்பதில் ஐயம் உண்டு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், பண்புசார் ஆய்வுகளுக்குத் தான் குறைந்த முன்னுரிமையே தருவதாகவும், அவை குறைவாகவே படிக்கப்பட்டு மேற்கோளாவதாகவும் ஒரு குழுவுக்கு எழுதிய மறுப்புக் கடிதம் பொதுவெளிக்கு வந்தது. டிரிஷ் கிரீன்ஹால் முதலாக 11 நாடுகளைச் சேர்ந்த மூத்த அறிஞர் 76 பேர் 2016-இல் அவ்விதழுக்கே திறந்த மடல் எழுதினர். அது உளவியல் இதழ் அன்று. ஆயினும் மேற்கோள் எண்ணிக்கையே கட்டுரையின் தகுதி என்னும் கணக்கு எல்லாத் துறைக்கும் பொது.

வெளியீட்டில் இன்னொரு சிக்கல் இதைவிடப் பழையது: பேசியவர் தம்மைத் தாமே அச்சில் காணும் சிக்கல். சிக்மண்ட் ஃபிராய்டு, டோரா என்று தாம் பெயரிட்ட பதினெட்டு வயதுப் பெண்ணின் வரலாற்றை 1901-இல் எழுதி முடித்தும், நான்கு ஆண்டுகள் வைத்திருந்து 1905-இல்தான் வெளியிட்டார். முன்னுரையில் ஊரையும் பெயரையும் மறைத்ததையும், மருத்துவர் மட்டுமே படிக்கும் இதழைத் தேர்ந்ததையும் விரிவாக விளக்கினார். இவ்வளவு காப்பும் அப்பெண் யார் என்பது பிற்காலத்தில் தெரியவருவதைத் தடுக்கவில்லை. மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ், அயர்லாந்தின் மேற்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் மனநோயும் குடும்பமும் பற்றி ஆய்ந்து, ஊருக்குப் பாலிபிரான் என்று புனைபெயரிட்டு 1979-இல் நூல் வெளியிட்டார். செய்தியாளர் ஊரைக் கண்டுபிடித்துவிட்டனர். ஊராரோ வெளியுலகம் தம்மை அறிந்தது குறித்து மட்டும் அல்லாமல், நூலின் பக்கங்களில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டது குறித்தும் புண்பட்டனர். இருபது ஆண்டுக்குப் பின் 1999-இல் அவர் அங்குத் திரும்பிச் சென்றபோது, ஊரை விட்டுப் போகுமாறு சொல்லப்பட்டார். புனைபெயர் அயலாரிடமிருந்து காக்கும். அடுத்த வீட்டாரிடமிருந்து காக்காது.

இப்பின்னணியில் திறந்த அறிவியல் இயக்கத்தின் கோரிக்கையை நோக்க வேண்டும். நூறு உளவியல் ஆய்வுகளை மீளச் செய்து பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே முந்தைய முடிவு உறுதிப்பட்டது என்று 2015-இல் வெளியான அறிக்கைக்குப் பின், மூலத்தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்குமாறு இதழ்கள் வற்புறுத்துகின்றன. எண்களின் அட்டவணையைப் பொதுவில் வைப்பதும், ஒருவர் தம் தந்தை செய்த கொடுமையை அழுதுகொண்டே சொன்ன ஒலிப்பதிவைப் பொதுவில் வைப்பதும் ஒன்றாகா. பூட்டி வைத்தாலும் பூட்டு நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினர், தாம் இறக்கும்வரை வெளியிடப்படாது என்னும் வாக்குறுதியின் பேரில் பாஸ்டன் கல்லூரிக்கு அளித்த வாய்மொழிப் பதிவுகளைக் கேட்டு 2011-இல் நீதிமன்ற ஆணை வந்தது; அவற்றுள் சில காவல்துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

தமிழ்ப் பேசுவோரிடம் செய்யப்படும் ஆய்வுக்கு இவற்றோடு மொழியின் வார்ப்பும் சேர்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், வட இலங்கையின் கூட்டு மனவடு பற்றி 2007-இல் வெளியிட்ட பண்புசார் ஆய்வு, போரின் காயத்தைத் தனிமனிதரின் நோய்க்குறிப் பட்டியலுக்குள் அடக்காமல் குடும்பமும் ஊரும் சிதைந்த கதையாக விரித்தது. அது வெளிவந்தது ஆங்கிலத்தில். உலகம் படிக்க வேண்டுமெனில் வேறு வழியும் இல்லை. ஆனால் பேச்சை ஆங்கிலத்தில் பெயர்க்கும் கணத்தில் என்ன நிகழ்கிறது என்பதை ஒரு வரியை வைத்தே காணலாம். கணவரை இழந்த நடுவயதுப் பெண் ஒருவர், பேட்டி காண வந்த இளைஞரிடம், “நமக்கு எங்க தம்பி தூக்கம்” என்று கூறுவதாகக் கொள்வோம். நமக்கு என்பது கேட்பவரையும் உட்படுத்தும் பன்மை. எங்களுக்கு என்றிருந்தால் அவர் விலக்கப்பட்டிருப்பார், எனக்கு என்றிருந்தால் துயரம் அவருடையது மட்டுமாக நின்றிருக்கும். இங்கோ பேசுபவர் தம் ஒருவரையே குறித்தாலும், தம்மைப் போன்றோர் அனைவரையும் சேர்த்துக்கொண்டு, எதிரே இருப்பவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்கிறார். தம்பி என்னும் விளி ஆய்வாளரை உறவுக்காரராக்கிவிட்டது. இனி அவர் கேட்கக்கூடிய கேள்விகளும் கேட்கக் கூடாத கேள்விகளும் அவ்விளியாலேயே வரையறுக்கப்படும். எங்க என்னும் வினா விடையை எதிர்பார்க்கவில்லை. வேறு பேச்சுக்குப் போகலாம் என்று மெல்லக் கதவைச் சாத்துகிறது.

ஆங்கிலக் கட்டுரையில் இவ்வரி, தனக்கு உறக்கம் வருவதில்லை என்னும் பொருளில் நான்கைந்து சொற்களாக நிற்கும். மொழிபெயர்ப்பு எவ்வாறு செய்யப்பட்டது என்பதை விளக்குமாறு 2018-ஆம் ஆண்டுத் தரவிதிகள் கேட்கின்றன. இருமொழியும் அறிந்தவர் மொழிபெயர்த்தார் என்று ஒரே வரியில் அதற்கு விடை எழுதப்படுகிறது. மூல வரியைத் தமிழ் எழுத்திலேயே கட்டுரையின் உள்ளேயோ இணைப்பிலோ அச்சிட்டால், தமிழறிந்த மதிப்பீட்டாளரோ பிற்கால வாசகரோ ஆய்வாளரோடு உடன்படவும் மாறுபடவும் இயலும். அவ்வாறு செய்யாத இடத்தில், அந்தப் பெண் கூறியதற்கு எதிரே ஓரத்தில் எழுதப்பட்ட குறியீடு மட்டும் எஞ்சுகிறது: தூக்கமின்மை.